தனுக்கோடியும் வினைக்கொள்கையும்

கண்டியினின்றும் இராமேச்சுர யாத்திரை செய்து மீளும் அன்பருட் சிலர், தனுக்கோடியைக் குறித்து, "பாவத்தால் அழிந்த ஊர், பெருமான் கைவிட்ட இடம்" என்று சொல்லக் கேட்கின்றோம். சொல்வோர் தீயவரல்லர், நாடோறும் திருநீறிட்டு நியமந் தவறாது வழிபடுவோரே. ஆதலினன்றோ இச்சொல் நம் சித்தாந்தத்தோடு பொருந்துமா என்று ஆராய்தல் கடனாகின்றது.

அவ்வூர் மலைநாட்டார்க்கு அயலூரன்று. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், கண்டியிற் புகைவண்டி ஏறினோர் பொல்காவலையில் மாறித் தலைமன்னார் அடைந்து, ஆங்கு நீராவிக் கப்பலேறித் தனுக்கோடித் துறையில் இறங்குவர். அதற்கு முற்பட்ட தலைமுறையார் பட்ட துன்பம் பெரிது. தோட்டத் தொழிலுக்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வழியிற் பேதியால் மாண்டோர் எண்ணிறந்தோர். நம் பாட்டன்மார் கால்பதித்த மணல் அதுவென்பதை மறத்தல் தகாது.

இனி, அவ்வூர்ப் பெயரைக் காண்க. இராமபிரான் இலங்கையினின்றும் மீளுங்கால், வேற்றுப்படை இனி இவ்வழி வாராதிருத்தற்பொருட்டு விபீடணன் வேண்ட, வில்லின் நுனியால் அணையை உடைத்தனர் என்றும், அதனால் அவ்விடம் தனுக்கோடி ஆயிற்றென்றும் கூறுப. அவ்விராமபிரானே இராவணனைக் கொன்ற பழி நீங்கச் சிவலிங்கம் தாபித்து வழிபட்டமையால் இராமேச்சுரம் தலமாயிற்று. இதனை நாம் வாளா கேட்டுப் போகின்றோம். வென்றவர், தம்மாற் கொல்லப்பட்டவன் தன் தீவினையால் மாண்டான் என்று சொல்லி அமைந்திலர். அது சொல்லத்தக்க இடமாகவும் சொல்லாது, தம் கையிலுள்ள பழியையே நோக்கினர். பிறர் வினையை எண்ணுதற்கன்று, தம் வினையைக் கழுவுதற்கே சேதுவில் நீராடுகின்றோம்.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. கடல் இருபது அடிக்கு மேல் உயர்ந்து ஊருள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி, துறையை அடையுமுன்னரே நூற்றுக்கு மேற்பட்டாரோடு நீருள் ஆழ்ந்தது. நிலையமும் அஞ்சலகமும் துறைமேடையும் சிதைந்தன. பின்னர் அரசினர் அஃது குடியிருத்தற்குரிய இடமன்றென அறிவித்தனர். சற்றுத் தொலைவிலுள்ள கோதண்டராமர் கோயில் மாத்திரம் நின்றது. அதனைக் காட்டியே, "பார்த்தீரா, தெய்வம் தன் இடத்தைக் காத்தது" என்பர். அங்ஙனமாயின் அவ்வண்டியில் இருந்த குழந்தைகளைக் காவாது விட்டதற்கு யாது காரணம் கூறுவர்? கற்சுவரைக் காத்து மழலையைக் கைவிட்டார் என்பது இறைவனைப் புகழ்தலாமோ?

இவ்வழக்கு புதிதன்று. 1934 ஆம் ஆண்டு பீகாரிற் பூகம்பம் நேர்ந்தபோது, தீண்டாமைப் பாவத்திற்குத் தெய்வம் இட்ட தண்டனை அதுவெனக் காந்தியடிகள் கூறினர். இரவீந்திரநாத தாகூர் அதனை மறுத்தெழுதினர். அடிகளும் அம்மறுப்பைத் தமது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டனர். தீண்டாமை கொடிது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இடிபாட்டில் மாண்டோருள் தீண்டப்படாதவரெனத் தள்ளப்பட்டாரும் இருந்திருப்பரே என எண்ணுங்கால், இவ்விடத்துத் தாகூர் பக்கமே நாம் நிற்கின்றோம்.

அற்றேல், வினை இல்லையென்கின்றோமோ? இல்லை. வினை உண்டு, அது சடமாதலின் தானே சென்று பற்றாது, முற்றறிவுடைய முதல்வனே கூட்டுவிக்கின்றான் என்பது நம் கொள்கை. எந்த உயிர்க்கு எந்த வினை எப்போது பயன்றருகின்றது என்பதை அம்முதல்வனே அறிவன். சிற்றறிவுடைய நாம் ஓர் இரவில் மாண்டார் அனைவர்க்கும் ஒரே கணக்கு எழுதப் புகுதல், அவனுக்குரிய ஆசனத்தில் ஏறியமர்தலாகும். தனக்குத் துன்பம் வந்துழி "என் வினை" என்பவன் பொறுமை கற்கின்றான். அயலானுக்கு வந்துழி "அவன் வினை" என்பவனோ உதவாமைக்கு ஒரு சாக்குத் தேடுகின்றான்.

மலைநாட்டார் இதனை நன்கறிதல் வேண்டும். புயலுக்கு இரண்டு திங்களுக்கு முன், அவ்வாண்டு அக்டோபர் 30 ஆம் நாளில், சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. நம்மவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் ஆராயப்படுவர் என, தானியம் அளப்பார்போல் அளந்தனர். அளக்கப்பட்டாரை ஒருவரும் கேட்டிலர். தனுக்கோடித் துறை அழிந்தமையால், பின்னாளில் அனுப்பப்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேச்சுரத்திற் சென்று இறங்கினர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் அண்ணனை இழந்த தங்கையும் மகளை இழந்த தாயும் எத்தனை பேர்! அதுவும் அவர்தம் வினையே என்று ஒருவன் சொல்வானாயின், கையொப்பமிட்டார் செய்தது பின் யாது? புயலுக்குக் கையொப்பம் இல்லை, ஒப்பந்தத்திற்கு உண்டு. இரண்டையும் வினையென்னும் ஒரு சொல்லால் மூடுதல், இறந்தார்க்கும் நீதியன்று, இருந்தார்க்கும் நீதியன்று.

அண்மையில் நாமும் அங்குச் சென்றோம். 2017 இல் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனை வரை செல்கின்றது. இடிந்த தேவாலயச் சுவரின்முன் நின்று படம் பிடிப்போர் மிகுதி. ஆழ்ந்த வண்டியிலிருந்தோரை நினைந்து எள்ளும் நீரும் இறைப்போர் அரியர். பெயர் தெரியாதார்க்கும் நீர்க்கடன் செலுத்த நம் மரபில் இடமுண்டாதலின், சேதுவுக்குச் செல்லும் கண்டியன்பர் தம் பிதிரரோடு அவரையும் நினைத்தல் வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம். கைவிடப்பட்ட ஊரென்கின்றார்களே, அங்கு மீனவக் குடும்பங்கள் இன்றும் ஓலைக்குடிசைகளில் வாழ்கின்றன. இருபுறமும் உவர்க்கடல் சூழ்ந்த அம்மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரை அவர்கள் முகந்து குடிக்கின்றனர்.