குதிரைக்கு யாரு தண்ணி காட்டுனது?

‘ஹிடால்கோ’ படத்தை மாமா வீட்டில்தான் பார்த்தேன். 2004-இல் வந்த படம். கொஞ்ச வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் போட்டார்கள். அமெரிக்கக் கௌபாய் ஒருவன் தன்னுடைய மஸ்டாங் குதிரையோடு அரேபியப் பாலைவனத்துக்குப் போய், மூவாயிரம் மைல் பந்தயத்தில் அரபுக் குதிரைகளையெல்லாம் தோற்கடிக்கிற கதை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மாமா கடைசிவரை வாய் திறக்காமல் பார்த்தார். படம் முடிந்து விளம்பரம் ஓடும்போது ஒன்றுதான் கேட்டார்.

“அது சரி மாப்ள, மூவாயிரம் மைலு ஓடுதே, அந்தக் குதிரைக்கு யாரு தண்ணி காட்டுனது?”

மாமா இருபது வருஷத்துக்கு மேல் ஒரு டர்ஃப் கிளப்பில் சைஸ் வேலை பார்த்தவர். விடியற்காலை நாலரை மணிக்கு லாயத்தில் இருக்க வேண்டும். சாணி அள்ளி, புல் போட்டு, தேய்த்துக் குளிப்பாட்டி, ஓடிவிட்டு வந்த குதிரையை மூச்சு அடங்கும்வரை நடத்திக் கூட்டிப்போய் ஆறவைப்பது அவர் வேலை. அவருக்குக் குதிரை என்றால் வயிறு, குளம்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள நரம்பு. சினிமாக்காரர்களுக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை.

அந்தப் படம் உண்மைக் கதை என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஃபிராங்க் ஹாப்கின்ஸ் என்ற ஆள் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதை அது. அப்படி ஒரு பந்தயம் நடந்ததற்கே ஆதாரம் இல்லை என்று பின்னால் தேடிப்போன வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாமாவின் கேள்வி என்னை விடவில்லை. பொய்க்கதையை விட்டுவிட்டு, அமெரிக்க மேற்கு எல்லையில் உண்மையாகவே நடந்த நெடுந்தூரச் சவாரிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க, எல்லாப் பக்கத்திலும் அவருடைய கேள்விதான் நின்றது.

ஃபிரான்ஸுவா சேவியர் ஆப்ரி. கியூபெக்கில் பிறந்த வியாபாரி. சாந்தா ஃபேவிலிருந்து மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரம் ஏறக்குறைய 780 மைல். சரக்கு வண்டிகள் அந்தத் தூரத்தைக் கடக்க மாதக்கணக்கில் ஆகும். 1848 மே மாதம் ஆப்ரி அதை எட்டு நாளில் கடந்தார். போதவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 12-ஆம் தேதி மறுபடி கிளம்பி, 17-ஆம் தேதி இரவு போய்ச் சேர்ந்தார். ஐந்து நாள், பதினாறு மணி நேரம். வழியில் மழை, சேறு. மொத்தப் பயணத்திலும் சாப்பிட்டது ஆறு வேளை. தூக்கம் சில மணி நேரம்தான். முன்கூட்டியே வழியில் குதிரைகளை நிறுத்திவைத்திருந்தார். அப்படியும் ஆறு குதிரைகள் அவருக்குக் கீழே ஓய்ந்துபோயின. ஒரு கட்டத்தில் குதிரையே இல்லாமல் நடந்திருக்கிறார். கடைசியில் அவரைச் சேணத்திலிருந்து ஆட்கள் தூக்கி இறக்க வேண்டியிருந்தது என்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கும் மயிர் சிலிர்த்தது, மறைக்கவில்லை. மனிதனின் உடம்பு இவ்வளவு தாங்குமா என்ற ஆச்சரியம். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ஒன்று உறுத்தியது. அந்தச் சவாரியில் மஞ்சள் நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. அது மட்டும் 26 மணி நேரத்தில் 200 மைல் ஓடியதாகச் சொல்கிறார்கள். அதற்கு ஒரு புத்தகத்தில் டாலி என்று பெயர், இன்னொன்றில் நெல்லி. ஆப்ரியின் பெயரை ஒரு நீராவிக் கப்பலுக்கு வைத்தார்கள், கான்சாஸில் ஒரு கோட்டைக்கும் வைத்தார்கள். இருநூறு மைல் ஓடியதன் பெயரில் மட்டும் குழப்பம்.

சரி, அந்தக் காலம் அப்படி, அவசரம் இருந்திருக்கும் என்று சொல்லலாம். அவசரத்துக்கு வேறு உதாரணம் இருக்கிறது. 1866 டிசம்பர் 21, வயோமிங் பகுதியில் ஃபில் கியர்னி கோட்டைக்கு வெளியே ஃபெட்டர்மேன் என்ற அதிகாரியும் அவரோடு போன அத்தனை பேருமாக 81 பேர் கொல்லப்பட்டார்கள். லக்கோட்டா, செயேன், அரபாஹோ மக்கள் தங்கள் வேட்டை நிலத்துக்குள் கோட்டை கட்டியவர்களோடு நடத்திய போர் அது. கோட்டைக்குள் மிச்சமிருந்தவர்களுக்கு உதவி வேண்டும். ‘போர்ச்சுகீ’ ஃபிலிப்ஸ் என்பவர் பனியில் 236 மைல் போய், கிறிஸ்துமஸ் இரவில் லாரமி கோட்டையில் செய்தி சேர்த்தார். அவருடைய குதிரை வந்து சேர்ந்த இடத்திலேயே விழுந்து செத்தது என்பது கதை. அவர் தனியாகப் போகவில்லை, கூட ஆட்கள் இருந்தார்கள் என்று பின்னால் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளும் இருக்கும்போது ஒரு குதிரையை அதன் எல்லைக்கு அப்பால் ஓட்டியவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். அது கடன் வாங்குவது மாதிரி. திருப்பிக் கொடுக்க முடியாத கடன்தான், ஆனாலும் ஏன் வாங்கினோம் என்பதற்குப் பதில் இருக்கிறது.

ஆப்ரியின் செப்டம்பர் சவாரிக்கு அப்படி ஒரு பதில் இல்லை. யாரும் செத்துக்கொண்டிருக்கவில்லை. பந்தயம், பேர், கொஞ்சம் வியாபாரம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் குதிரைப் பிரியர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். “குதிரைக்கு ஓடப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் நின்றுவிடும். ஐந்நூறு கிலோ மிருகத்தை நீ எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரை வேட்டையாடப்படுகிற இனம். புல்வெளியில் நொண்டுகிற குதிரையைத்தான் ஓநாய் முதலில் பார்க்கும். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. கூட்டத்தோடு ஓடு, நிற்காதே என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. முதுகில் இருப்பவனை நம்பிவிட்ட நல்ல குதிரை, விழும்வரை ஓடும். அது ஓடிக்கொண்டிருப்பதை வைத்து அது சம்மதித்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. தாங்குவது என்று நாம் சொல்வதற்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ஆப்ரிக்கு 780-வது மைல் தெரியும். இண்டிபெண்டன்ஸில் விளக்கு எரியும், ஆட்கள் கூடுவார்கள், செய்தித்தாளில் போடுவார்கள் என்று தெரியும். இந்த வலி அந்த இரவுக்காக என்று தன் வலிக்கு ஓர் அர்த்தம் கொடுத்துக்கொள்ள அவரால் முடிந்தது. பிரசவ வலியையும், பரீட்சைக்குக் கண்விழிப்பதையும், காவடி எடுத்துப் பத்துமலைப் படி ஏறுவதையும் நாம் அப்படித்தான் தாங்குகிறோம். குதிரைக்கு 780 என்று ஒன்று கிடையாது. அதற்கு இந்த அடி, இதற்கடுத்த அடி. வலி மட்டும் இருக்கிறது, அதைச் சுற்றிக் கதை இல்லை. கதை முழுக்க மேலே உட்கார்ந்திருப்பவனுக்குச் சொந்தம்.

மிருகத்தை வதைக்கிறவன் மனிதரிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான், அதனால் வதைக்கக்கூடாது என்பது காண்ட் சொன்ன காரணம். அதாவது குதிரை நமக்கு ஒரு பயிற்சிக்கூடம். அதற்கு அறிவு இருக்கிறதா என்பது கேள்வியல்ல, அது துன்பப்படுமா என்பதுதான் கேள்வி என்றார் பெந்தாம். நான் பெந்தாம் பக்கம். ஆனால் அவர் கேள்விக்கும் ஒரு தொடர்ச்சி வேண்டும் என்று தோன்றுகிறது. துன்பப்படும், ஒத்துக்கொண்டோம். அது துன்பப்படுவதை யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தவன் யாரிடம் சொல்வது? சொன்னால் யார் கேட்பார்கள்?

இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு விடை தட்டுத்தடுமாறி உருவானது. 1893-இல் நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊரிலிருந்து சிகாகோவுக்கு ஆயிரம் மைல் கௌபாய் பந்தயம் வைத்தார்கள். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த பஃபலோ பில்லின் வைல்ட் வெஸ்ட் காட்சித் திடல்தான் முடிவிடம். அதற்கு முந்தைய வருஷம் பெர்லின்–வியன்னா இடையே ராணுவ அதிகாரிகள் ஓட்டிய பந்தயத்தில் ஏகப்பட்ட குதிரைகள் செத்திருந்தன. அந்த நினைவு ஆறவில்லை. பிராணி வதைத் தடுப்புச் சங்கங்கள் கொதித்தெழுந்தன. இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் வதைக்கு எதிராகப் பிரகடனமே வெளியிட்டார். பந்தயம் நிற்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் நடந்தது. எதிர்த்த சங்கத்தின் ஆட்களே கூடவே பயணம் செய்து, வழிநெடுகக் குதிரைகளைச் சோதிப்பது என்று ஏற்பாடானது. ஜூன் 13 மாலை ஒன்பது பேர் கிளம்பினார்கள், ஆளுக்கு இரண்டு குதிரை. குதிரைத் திருட்டில் பேர்போன டாக் மிடில்டனும் அதில் ஒருவர். முதலில் வந்து சேர்ந்தவர் ஜான் பெர்ரி. ஆனால் பாதை வகுத்ததில் அவருக்குப் பங்கு இருந்ததால் ஆட்சேபம். வேறு சிலர் குதிரையை ரயிலில் ஏற்றிவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது. யார் ஜெயித்தார்கள் என்ற சண்டை இன்றைக்கு எனக்குச் சுவாரசியமாக இல்லை. குதிரையால் லாபம் அடையாத ஒருவன் குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த யோசனை பிறகு விதியாகவே ஆனது. 1955-இல் கலிபோர்னியாவில் வெண்டல் ராபி என்பவர், இந்தக் காலத்துக் குதிரையாலும் ஒரு நாளில் நூறு மைல் போகமுடியும் என்று காட்ட, தாஹோ ஏரிப் பக்கமிருந்து சியேரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் வரை சவாரி செய்தார். அதுதான் இன்றும் நடக்கிற டெவிஸ் கோப்பை. வழியில் கால்நடை மருத்துவர்கள் குதிரையை நிறுத்துவார்கள். நாடித் துடிப்பு இறங்கியிருக்க வேண்டும், வயிற்றில் சத்தம் கேட்க வேண்டும், ஓடவிட்டுப் பார்த்தால் நொண்டக்கூடாது. கடைசியில் கோட்டைத் தாண்டினாலும் போதாது. இந்தக் குதிரை இன்னும் போகக்கூடிய நிலையில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால்தான் நீ முடித்ததாகக் கணக்கு. முதல் பத்துக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்குத் தனியாக ஹேகின் கோப்பை. கிளம்பியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் பல வருஷங்களில் முடிக்கிறார்கள். செங்குத்தான இடங்களில் ஆட்கள் இறங்கி, குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்து ஏறுவார்கள்.

இங்கே நான் கவனித்தது இது. அந்த மருத்துவர் ஓட்டுகிறவனைவிட நல்லவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓட்டுகிறவனுக்குக் குதிரைமேல் உயிராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கு ஆசை இருக்கிறது. ஆசையுள்ளவன் கைக்குச் சூடு தெரியாது. மருத்துவருக்கு அந்தக் குதிரை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் அவர் கைக்குத் தெரியும்.

இதையும் ரொம்பப் புகழ முடியாது. இந்த விளையாட்டு உலகம் சுற்றி நம் ஊருக்கும் வந்தது. 2008-இல் உலகப் போட்டி திரெங்கானுவில்தான் நடந்தது. பணம் நுழைந்த இடங்களில் மருத்துவரையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். கால் முறிவும் ஊக்கமருந்தும் மலிந்துபோய், 2015-இல் உலகக் குதிரை விளையாட்டுச் சம்மேளனம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அமைப்பையே இடைநீக்கம் செய்தது. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டால், குதிரை கோட்டைத் தாண்டும். மருத்துவரின் கையும் பொய் சொல்லும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கருப்பன் கதையைச் சொன்னார். அத்தனை வருஷம் அவர் அதைச் சொன்னதில்லை, அத்தைக்குக்கூடத் தெரியாது.

பதிவில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர், மாமாவுக்குக் கருப்பன். ஒரு சனிக்கிழமை பந்தயத்தன்று காலையில் கால் தேய்க்கும்போது, முன்னங்கால் இடது பக்கம், முட்டிக்குக் கீழே சூடு. வீக்கம் இல்லை, நொண்டவும் இல்லை. சூடு மட்டும். “நாலு விரலு வச்சா தெரியும், அஞ்சாவது விரலுக்குத் தெரியாது, அவ்ளோதான்.” இரண்டு வாரத்துக்கு முன்னால் வேறொரு குதிரைக்கு இப்படித்தான் ஒன்று சொல்லி, டாக்டர் வந்து ஒன்றுமில்லை என்று போய்விட்டார். டிரெய்னர் எல்லார் முன்னாலும் கத்தினார். உன் வேலை சாணி அள்ளுவது, அதைச் செய் என்று. அதனால் இந்தமுறை மாமா சொல்லவில்லை. பச்சைத் தண்ணியில் துணி நனைத்துக் கட்டினார், சேணம் போட்டார், திடலுக்கு நடத்திக் கொண்டுபோனார்.

கடைசி வளைவில் விழுந்தது. சுற்றித் திரை கட்டினார்கள்.

“டிரெய்னரு மேல கோவம் இல்லயா மாமா?”

“அவனுக்குத் தெரியாதுல்ல. தெரியாதவன் என்னா பண்ணுவான். குதிரைக்கு வாயி இல்ல. எனக்கு இருந்துச்சு.”

நான் அவருக்காக வாதாடினேன். வேலை போயிருக்கும், மூன்று பிள்ளைகள், நானூறு வெள்ளிச் சம்பளம், முன்னால் சொன்னதற்குக் கிடைத்த அவமானம். எல்லாம் உண்மைதான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் உள்ளுக்குள் தெரிந்தது, நான் அவரைச் சமாதானப்படுத்துகிறேனே தவிர அவர் கேட்பதற்குப் பதில் சொல்லவில்லை என்று. ஏழைக்கு ஓர் அளவு, முதலாளிக்கு ஓர் அளவு என்று குற்றத்தைப் பங்கு பிரித்தால் அவர் பங்கு சின்னதுதான். ஆனால் அந்தச் சூடு அவர் விரலுக்குத்தான் தெரிந்தது, வேறு யாருக்கும் இல்லை. அதைப் பங்கு பிரிக்க முடியாது.

பேச்சை மாற்றத்தான் கார்டி எய்ன்ஸ்லி கதையைச் சொன்னேன். டெவிஸ் சவாரிக்குப் போனவர். 1973-இல் குதிரை நொண்டி நின்றுபோனது. அடுத்த வருஷம் மனுஷன் குதிரையே இல்லாமல் வந்தார். அந்த நூறு மைல் மலைப்பாதையைக் குதிரைகளோடு தன் காலால் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்றைக்கு நடக்கிற நூறு மைல் ஓட்டப் பந்தயங்களுக்கு அதுதான் ஆரம்பம். வலி முழுக்க அவருடையது, கதையும் அவருடையது, யாரிடமும் கடன் வாங்கவில்லை. மாமாவுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்.

மாமா சிரித்தார். பைத்தியக்காரன் என்றார். பிறகு கேட்டார்: “முத வருசம் நொண்டுச்சே, அந்தக் குதிரைய எங்க நிப்பாட்டுனாங்க?”

“இருபத்தொம்பதாவது மைலு, மாமா. சோதனை போடற எடத்துல.”

“நொண்டுதுன்னு சொன்னவன் யாரோ,” என்றார் மாமா. “அவன் பேரப் போட்டுருக்கானுங்களா?”