கையறிவும் ஏட்டறிவும்

அறிவு ஏட்டில் மட்டுமே உண்டென்று எண்ணுவோர் நம்மிற் பலர். 1893இல் கோவையை அடுத்த கலங்கலிற் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பணத்தால் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே இயந்திர நுட்பம் கற்றார். 1937இல் டி. பாலசுந்தரத்துடன் கூடி, இந்தியாவில் மின்மோட்டார் செய்த முன்னோடியானார். அவர் கையே அவருக்குப் பள்ளிக்கூடம்.

இதனை எழுதும் யானோ ஆங்கிலம் கற்றவன். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டமொன்றிற் கிராணி. உள்மரம் புண்படாது பட்டையை மெல்லெனச் சீவும் தோழரின் கூலியைக் கணக்கெழுதுகிறேன். அவர் கத்தி என் கைக்கு வந்தால் மரம் புண்ணாகும்! அங்ஙனமிருக்க, அவர் நிற்க யான் அமர்ந்திருப்பது எந்த நீதி? கையறிவை இகழும் சமூகம் தன் மேதைகளைத் தானே இழக்கும். அன்பர்களே! நாளை முதல் என் மேசைமுன் இன்னொரு நாற்காலி இருக்கும்.