தேடுபொறி தருவது எந்த அளவை?

ஒரு செய்தியை உண்மை என்று கொள்ளுமுன் அது எவ்வழியாக அறியப்பட்டது என்று கேட்பது தமிழ்ச் சமய நூல்களின் மரபு. அவ்வழியை 'அளவை' என்றனர். நெல்லை மரக்காலால் அளப்பது போல அறிவை அளந்துகொள்ளும் கருவி என்பது அதன் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்னும் பகுதி, பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய தளை பற்றி விரித்துரைக்கப் புகுமுன் அளவைகளை ஆராய்ந்து, பிறர் கூறும் பத்தையும் எண்ணிக்காட்டி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிவு கூறுகிறது. காண்டல் பொறிகளால் நேரே அறிவது. கருதல் புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல உய்த்தறிவது. உரை நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒருவர் கைப்பேசியில் ஒரு கோயிலின் வரலாற்றையோ ஒரு பதிகத்தின் பொருளையோ தேடும்போது திரையில் வந்து நிற்பது இவற்றுள் எது?

கோயிலை அவர் கண்ணால் காணவில்லை, ஏதுவைக் கொண்டு உய்த்துணரவுமில்லை. ஆகவே அதனை உரை என்று சொல்லத் தோன்றும். ஆனால் உரைக்கு அளவைநூலார் விதித்த தகுதி கடுமையானது: சொல்பவர் பொருளை உள்ளவாறு அறிந்தவராகவும், அதனை மாற்றிச் சொல்ல வேண்டிய விருப்பு வெறுப்பு இல்லாதவராகவும் இருத்தல் வேண்டும். சொன்னவர் யார் என்றே தெரியாத செய்திக்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருந்தனர், அதுவே ஐதிகம். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து வைதிகவாதி பத்து அளவைகளையும் விளக்கும்போது இதற்குக் காட்டும் சான்று, இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்லி வருவதாகும்.

இணையத்தில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி இந்த மரத்துப் பேயின் இனத்தைச் சேர்ந்தது. ஜொகூர் பாரு அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பற்றித் தேடுவோர், அதன் சுவர்களில் 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன என்று பல சுற்றுலாக் குறிப்புகளில் படிக்கலாம். ஆத்மலிங்க அறையில் பதித்த உருத்திராக்கங்களுக்கும் அதே 3 இலட்சம் என்னும் எண் வழங்குகிறது. எண்ணியவர் யார், எப்போது எண்ணினார் என்று அக்குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. எண் பொய் என்பது இங்குக் கருத்தன்று. அது சரியாகவே இருக்கலாம். ஆயினும் நூறு பக்கங்களில் வருவதால் ஐதிகம் உரையாகிவிடாது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் வெளியிட்ட தரவரிசை முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் இணைப்பால் சுட்டுகின்றன என்பதைக் கணக்கிட்டது. அது மதிப்பைப் பெற்ற பக்கத்தைக் காட்டுமேயன்றி அறிந்து சொன்னவரைக் காட்டாது. இப்போது தேடுபொறிகள் பல பக்கங்களைத் தாமே சுருக்கி ஒரே விடையாக எழுதித் தருவதால், சொன்னவர் முகம் மேலும் மறைகிறது.

கருவியைத் தேர்வதில் உள்ள பொறுப்பு இங்கேதான் இருக்கிறது. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு ஆயத்தமாகும் ஜொகூர் மாணவர் பொதுத் தேடுபொறியில் பதிகத்தின் முதலடியை இட்டால் கிடைக்கும் பாடத்தில் சீர் பிழைத்திருக்கலாம், ஆசிரியர் பெயரே மாறியிருக்கலாம். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பதிப்பைத் திறந்தால், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் முகப்பிலேயே நிற்கும். பிழை இருந்தாலும் அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் அங்கே உண்டு. ஐதிகம் உரையை நோக்கி நகர்வது அந்தப் பெயர்களால்தான்.

தேடலில் இதைவிடப் பெரிய இடறல் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்னும் விடையில் இருக்கிறது. பத்து அளவைகளுள் இன்மையை அறிவதை அபாவம் என்பர்: தரையில் குடம் காணப்படாமையால் அங்கே குடம் இல்லை என்று தெளிதல். இருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்னும் நிலையில்தான் இத்தெளிவு செல்லும். இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்ல இயலாது. தமிழ் இணையம் இன்னும் பாதி இருட்டறை. மாநிலத்தின் பெயரே ஜொகூர், ஜோகூர் என்று இருவகையாக எழுதப்படுகிறது. கோயில் என்று தேடுபவருக்குக் 'கோவில்' என்று எழுதிய பக்கம் தப்பிவிடலாம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி பரவுமுன் திஸ்கி போன்ற குறியீடுகளில் உள்ளிட்ட பக்கங்களும், படமாக மட்டும் வருடி ஏற்றிய நூல்களும் சொல்தேடலுக்கு எளிதில் அகப்படுவதில்லை. மலாயில் இந்துக் கோயிலைக் குறிக்கும் சொல் தமிழ்க் 'கோயில்' தந்ததே எனினும், அச்சொல்லை உரோமன் எழுத்தில் இட்டுத் தேடினாலன்றி மலாய்ச் செய்திகள் வாரா.

குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரங்களில் இரப்பர் தோட்டத் தொழிலாளர் எழுப்பிய மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்களுக்கு இவ்விருட்டு மிகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அக்கோயில்களின் வரலாறு முதியோர் நினைவிலும் திருப்பணிக் கல்வெட்டுகளிலும் கும்பாபிஷேக மலர்களின் சில பிரதிகளிலுமே தங்கியிருக்கிறது. தேடுபொறி வெறுங்கையோடு திரும்புவதைக் கண்டு, அவற்றுக்கு வரலாறே இல்லை என்று ஓர் ஆய்வேடு எழுதுமாயின், அது அளவை வழுவிய முடிவாகும். கோயில் நிருவாகத்தினர் தம் அலமாரியிலுள்ள மலர்களை, தொகுத்தவர் பெயரும் ஆண்டும் விடாமல், ஒருங்குறியில் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். கரையான் ஏட்டுக்கு மட்டும் பகையன்று, அச்சிட்ட மலருக்கும் பகைதான்.