சட்டையில் இல்லாத நிறம்

வேலியோரக் கற்குவியலில் கிடந்த சாரையின் சட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. ஒளி ஊடுருவும் சின்ன வட்டச் செதில்கள் இரண்டு, சற்றே குழிந்து நிற்கின்றன. பாம்புக்கு இமை கிடையாது; கண்ணைக் காப்பது இந்தச் செதில்தான். உரிக்கும்போது அதையும் சேர்த்தே கழற்றிவிடுகிறது.

*

சட்டை உரிக்கப்போகும் பாம்பின் உடல் முதலில் மங்கும். பிறகு கண்ணில் நீலம் கலந்த பால்வெண்மை படரும். பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் உருவாகி, இரண்டுக்கும் நடுவே நீர் சுரந்திருக்கிறது என்று அர்த்தம். பார்வை தெளிவில்லாத அந்த நாட்களில் இரை தேடாது, ஒளிந்தே கிடக்கும், கிட்டே போனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சீறும்.

என் மனம் நிற்கும் இடம் அதற்கு அடுத்தது. கண் மங்கியிருக்கும்போது அது உரிப்பதில்லை. மங்கல் நீங்கி, கண் பழையபடி தெளிகிறது. பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதற்கும் சில நாள் கழித்துத்தான் கல்லிலோ வேரிலோ மூக்கைத் தேய்க்கிறது. உதட்டோரம் தோல் விடுகிறது. காலுறையைக் கழற்றுகிற மாதிரி உட்புறம் வெளியே திரும்ப, பாம்பு முன்னே ஊர்ந்து போய்விடுகிறது. கிடக்கும் சட்டையின் வால்நுனி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் அது போன வழி.

*

வளர்வதால் உரிக்கிறது என்பார்கள். உண்மைதான், வெளித்தோல் செத்துக் கெட்டியான கெரட்டின், உடலோடு சேர்ந்து வளராது. ஆனால் வளர்ச்சி அநேகமாக நின்றுபோன கிழட்டுப் பாம்பும் உரிக்கிறதே, குட்டிகளைவிட நீண்ட இடைவெளியில். தரையைத் தேய்த்தே வாழும் உயிர் அது. தோல் தேயும், கீறும், உண்ணி ஒட்டும். காயம் பட்டால் சீக்கிரமே மறுபடி உரிக்கும்.

*

நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோலும் விரிந்துகொள்வதால் சட்டை பாம்பைவிட நீளமாகவே இருக்கும்.

செதில் வரிசை அத்தனையும் இதில் பதிந்திருக்கிறது. நிறம்தான் அநேகமாக இல்லை. நிறம் இருப்பது அடித்தோலில். அதைப் பாம்பு ஒருநாளும் கழற்றுவதில்லை. நிறம் இல்லாவிட்டாலும் மென்மை உண்டு: சங்க நூலான பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குத் தந்த மெல்லிய ஆடைக்கு உவமை இந்தப் பாம்புரிதான். வியாபாரிகளுக்கு அந்த மென்மை போதவில்லை. கைப்பைக்கும் செருப்புக்கும் நிறம் வேண்டியிருந்தது. அதற்குப் பாம்பைக் கொன்றாக வேண்டும். இருளர் பழங்குடியினர் பலர் அந்தத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிழைப்பு போயிற்று. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில், அதே கைகள் இப்போது நாகத்தையும் விரியனையும் கொஞ்ச நாள் பானையில் வைத்திருந்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டில் விட்டுவிடுகின்றன. விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான் வருகிறது.