யார் எழுதிய விதி?

“எல்லாம் விதி தம்பி” என்றார் அந்த அம்மா, முறத்திலிருந்த உளுந்திலிருந்து கண்ணை எடுக்காமல். திண்ணையில் உட்கார்ந்திருந்த மகன் சிரித்தார். “ஆமாம்மா, விதிதான். அதுக்குப் பேருகூட இருக்கு. அப்பெண்டிக்ஸ் எஃப்.எம்.”

அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் விருத்தாசலத்தில் நான் அண்மையில் கேட்ட உருப்படியான பகுத்தறிவுப் பேச்சு அதுதான். தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. தலையில் எழுதியதும் விதி, அரசாங்கம் காகிதத்தில் எழுதியதும் விதி. முன்னதை எழுதியவனைக் கேட்க முடியாது என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். பின்னதையும் அதே பெயரால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதையும் கேட்காமல் விடப் பழகிக்கொண்டோம்.

தம்பி பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர். மனைவி லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம் இந்த ஊர் வெயிலில்தான் இருந்தாள். பையனுக்கு ஐந்து வயது. அங்கே அவளுடைய அப்பா இறந்துபோக, அம்மா தனிமரம். அவள் பிரிட்டிஷ் குடிமகள், தாய்வழியில் பிள்ளையும் அப்படியே. இருவருக்கும் டிக்கெட் எடுத்தால் போதும். புருஷனுக்கு மட்டும் விசா வேண்டும். தாயும் பிள்ளையும் முன்னால் போனார்கள்.

“அப்பன்கிட்டேருந்து பிள்ளையைப் பிரிச்சுக்கிட்டுப் போயிட்டா” என்றது தெரு. இதே தெருவில் சிங்கப்பூரிலும் துபாயிலும் பத்து வருஷமாகக் கிடக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை நடக்கப் பழகியதை வாட்ஸ்அப்பில் பார்த்தவர்கள். அவர்களைப் பற்றி இந்தத் தெரு என்ன சொல்கிறது? “சம்பாதிக்கப் போயிருக்கார்.” பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ஆண் தியாகி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற பெண் திமிர் பிடித்தவள். இந்தக் கணக்கை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார் என்று தெரியவில்லை.

அந்த அப்பாக்களின் பிரிவுக்கும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அதற்கு மேற்பட்ட அனுமதிச் சீட்டும் மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியும் இருந்தால்தான் மனைவி மக்களுக்கு இடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், தங்குமிடம் முதலாளி கொடுத்தால் 3,000. அதற்குக் கீழே வாங்குகிறவனுக்கும் மனைவி உண்டு, பிள்ளை உண்டு. சேர்ந்து வாழும் தகுதி மட்டும் இல்லை. பணத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பணம் போக நம் ஊரில் புராணமே இருக்கிறது: சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். போடுமுன் ஒரு துண்டு வெட்டி மாதிரிக்கு வைத்துக்கொண்டாராம், வந்து சேர்வது அதே தரமா என்று உரசிப் பார்க்க. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். ஆண்டவனிடமே ரசீது கேட்ட மனுஷன்! ஆனால் அந்தப் புராணத்திலும் ஆற்று வழியாகப் போனது பொன்தான், ஆள் இல்லை.

சரி, தம்பி பெயர் சொன்ன அந்த அப்பெண்டிக்ஸ் எஃப்.எம். விதியைப் பார்ப்போம். வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ பிரிட்டனுக்குக் கூப்பிட வேண்டுமானால், கூப்பிடுகிறவர் ஆண்டுக்கு இவ்வளவு பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் வைத்தார்கள். அப்போது 18,600. 2023 டிசம்பரில் 38,700 ஆக்கப்போகிறோம் என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் அதே மாதம் இறங்கிவந்து, முதலில் 29,000 என்றார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அதுதான் நடப்பு. நம் பணத்தில் 30 லட்சத்துக்கு மேல்.

இந்த இடத்தில் சோதிடர்களிடம் ஒரு கேள்வி. பன்னிரண்டாம் இடத்தில் ராகு இருந்தால் வெளிநாட்டு யோகம் என்கிறீர்கள், குருப்பெயர்ச்சி ஆகட்டும் என்கிறீர்கள். எந்தக் கிரகமாவது எதிர்ப்பைப் பார்த்துவிட்டு ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பவுண்டைக் குறைத்துக்கொண்டதுண்டா? பேரத்துக்குப் படிகிற ஒன்றை விதி என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கணக்கில் இன்னும் உள்ளே போனால் கூத்து. அவள் சம்பளத்தைக் காட்டித்தான் கூப்பிட வேண்டும் என்றால், பொதுவான வழி ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் அந்தச் சம்பளத்தில் வேலை செய்திருப்பது. தம்பி இங்கே வாங்கும் கூலி கணக்கில் சேராது. சம்பளம் இல்லாவிட்டால் 88,500 பவுண்டு கையிருப்பு ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கோடி. கோடி இல்லாதவள் முழுநேர வேலைக்குப் போக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை மூன்றரை மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். யார் கூட்டிவருவது? அப்பா இருந்தால் கூட்டிவருவார். அப்பா வர அவள் முழுநேரம் வேலை பார்க்க வேண்டும், அவள் முழுநேரம் வேலை பார்க்க அப்பா வர வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் கிழவிகள் சொன்னதை அங்கே சட்டமாகவே போட்டிருக்கிறார்கள்.

வரி கட்டுகிறவன் தலையில் சுமை விழக்கூடாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். கேட்கத் தக்க நியாயம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரண்டு கை சம்பாதித்து இரண்டு கை பிள்ளை வளர்த்த குடும்பத்தை, ஒற்றைத் தாயாக்கி நிறுத்திவிட்டால் சுமை கூடுமா குறையுமா? இதற்கு வேதாந்தம் வேண்டாம், நான்காம் வகுப்புக் கணக்கு போதும். அந்த நாட்டிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிள்ளைகளின் வீடுகளை ‘ஸ்கைப் குடும்பங்கள்’ என்றது. 2017 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வருமான வரம்பு செல்லும், ஆனால் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் கடமையை விதிகள் நிறைவேற்றவில்லை என்றது. அந்த ஆகஸ்டில் விதிவிலக்காக ஒரு சிறு இடுக்கைத் திறந்துவிட்டார்கள். அதில் நுழைய, இந்தப் பிரிவு நியாயப்படுத்த முடியாத கொடுமை என்று குடும்பம்தான் நிரூபிக்க வேண்டும்.

ஒருநாள் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போயிருந்தேன். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்த கோப்பைகள் பலகையில் வரிசையாக இருந்தன. அவர் அவற்றுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தார். கோப்பையின் விலாவில் ஊசியால் கீறல், காதின் இரு முனையிலும் கீறல், குழம்பை ஒரு தொடு, அழுத்தி, பிதுங்கியதை ஸ்பாஞ்சால் துடைத்து அடுத்தது. ஒரு பலகையை மட்டும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தார். ஏன் என்றேன். “அது நேத்தே காஞ்சிருச்சுங்க. காது ஈரமா இருக்கு. ரெண்டும் ஒரே பதத்துல இருந்தாத்தான் ஒட்டணும்.” ஒட்டினால் விழுந்துவிடுமா? “ஒட்டறப்ப நல்லாத்தான் ஒட்டும். சூளையிலதான் விரிசல் தெரியும்.”

இரவு ஒன்பதுக்குப் போன் வந்தது. குளிர்காலத்தில் அங்கே மூன்றரை. பையன் வரைந்த யானையைக் காட்டினான். கைமண் காய்ந்த விரலால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார் அப்பா. முன்பெல்லாம் தமிழில் பேசுவானாம்.

மனைவி யார் என்பதை அரசாங்கம் தீர்மானிக்கிற வேலை நேற்று தொடங்கியதல்ல. 1913 மார்ச் 14-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், பலதாரத்தை அனுமதிக்கும் மதங்களின்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தார். கப்பலில் வந்த மனைவி துறைமுகத்தில் யாரோ ஒருத்தி ஆனாள். தீர்ப்பைக் கேட்ட தமிழ்ப் பெண்கள் என்ன செய்தார்கள்? பரிகாரம் கேட்டுப் போகவில்லை. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டே போராட்டத்தில் இறங்கினார்கள். டிரான்ஸ்வால் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர் மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். (அன்று 3, இன்று 29,000. பவுண்டுக்கும் நமக்கும் பழைய பகை.) சிறையில் காய்ச்சல் கண்டு, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தாள் தில்லையாடி வள்ளியம்மை. வயது 16. அந்த ஆண்டே சட்டம் மாறி, இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. தில்லையாடி நம் தமிழ்நாட்டு ஊர்தான். அங்கே நினைவு மண்டபம் கட்டினோம். அவளுடைய பிடிவாதத்தையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டோம் போலிருக்கிறது.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டினால் கணக்குச் சரியாகாது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சொன்னது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றம். ஊரறிய மாலை மாற்றி, பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தியவர்கள் சட்டத்தின் கண்ணில் தம்பதியர் இல்லை. அண்ணா முதல்வரானபின் சட்டத்தைத் திருத்தி, 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வரும்வரை அப்படித்தான். பெண்டாட்டிக்கு அத்தாட்சி கேட்கிற புத்தி எந்தத் தோலுக்குள்ளும் இருக்கும்.

அத்தாட்சி கேட்பது எதுவரை போகும் என்பதற்கு 1979 ஜனவரி சாட்சி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கல்யாணம் செய்துகொள்ள வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னியா என்று உடற்சோதனை செய்தார்கள். வருங்கால மனைவி என்று சொல்வது நிஜமா என்று தெரிந்துகொள்ளவாம்! ஆறு வருஷம் கழித்து, 1985-இல், அதே நாட்டில் வேறொன்றும் நடந்தது. கானாவிலிருந்து திரும்பிவந்த ஒரு சிறுவன் அந்தத் தாயின் மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகப்பட, அலெக் ஜெஃப்ரீஸ் தாம் கண்டுபிடித்த மரபணுச் சோதனையால் மகனே என்று நிறுவினார். கொலைகாரனைப் பிடிக்கும் முன்பே ஒரு பிள்ளையைத் தாயிடம் சேர்த்த அறிவியல் அது. அறிவு நம் பக்கம் சாட்சி சொல்லும். நாம் வழக்குப் போட்டால்தானே கூண்டில் ஏறும்?

நாம் போடுகிற வழக்கு வேறு மாதிரி. ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜியைச் சுற்றுகிறார்கள், விசா கேட்கும்போது 11 சுற்று, கிடைத்தபின் 108. நம் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதி, முனியப்பர் முன்னிருக்கும் வேலில் கட்ட வேண்டும். தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம். மூன்று நாளில், மூன்று வாரத்தில், தப்பினால் மூன்று மாதத்தில் தீர்ப்பு. காரியம் முடிந்தால் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மனு வாங்கும் எந்த அலுவலகத்தைவிடவும் ஒழுங்கான நடைமுறை என்று ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் அந்த அம்மா மகனை விடவில்லை. காகிதத்தைக் கையில் கொடுத்து எழுது என்றார். தம்பிக்கும் நம்பிக்கை கிடையாது, அம்மாவுக்காக உட்கார்ந்தார். ஊர், பேர், குறை எல்லாம் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“யார் மேலம்மா பிராது? விதி மேலயா?”

“விதி மேல யாராவது பிராது குடுப்பாங்களாடா?” என்றார் அம்மா. “சட்டம்னு சொன்னியே, அதை எழுதினவன்னு ஒருத்தன் இருப்பான்ல? அவன் பேரை எழுது.”

தம்பி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். “அப்படியே லண்டன் எத்தனை கிலோமீட்டர்னும் பாத்துரு” என்றார் அம்மா.