வயதுப் பிரிவும் வீரியாசாரமும்

சிறுவர் விளையாட்டு அணி ஒன்றை எந்த வயதுப் பிரிவில் சேர்ப்பது என்பது இவ்விதழின் பக்கங்களுக்கு உரிய பொருள்தானா என்று வாசக அன்பர்கள் ஐயுறலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். 2023ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, பெயர்த்தி ஆடும் சாஃப்ட்பால் அணியின் பெற்றோர் இது குறித்து இரு கட்சியாய் நின்று வாதிட்டதை அருகிலிருந்து கேட்டேன். ஊர் திரும்பிய பின்னும் அவ்வாதம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சாஃப்ட்பால், பேஸ்பாலுக்குத் தங்கை போன்றது. 1887இல் சிகாகோ நகரில் ஒரு கட்டடத்தினுள்ளே தொடங்கிய ஆட்டம் இன்று அந்நாட்டுப் பெண்பிள்ளைகளின் ஆட்டமாகவே வளர்ந்துவிட்டது. பந்தைக் கீழிருந்து கையைச் சுழற்றி எறிய வேண்டும். பெயரில் மென்மை உண்டே தவிரப் பந்தில் மென்மை இல்லை. மேலே பட்டால் கன்றிப்போகும். பள்ளியின் சார்பாக அன்றி, பெற்றோர் பணம் செலுத்தி, வார இறுதிதோறும் காரில் வெளியூர் சென்று போட்டிகளில் ஆடும் குழுவைப் 'பயண அணி' என்கிறார்கள். காலையில் தொடங்கி மாலை வரை ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டங்கள் நடப்பதும் உண்டு. கோடையில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது; எனவே இரவுண்ணாமை விரதத்துக்கு இடையூறு நேரவில்லை. மருமகள் கட்டித் தந்த இட்லிப் பொட்டலம் மைதானத்து ஓரத்திலேயே தீர்ந்துவிடும்.

அவ்வணிகள் பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் எனப் பிரிக்கப்படுகின்றன. போட்டி நடத்தும் அமைப்பு ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் நிறைந்த வயதைக் கணக்கிடுகிறது. இளையவள் மேற்பிரிவில் ஆடத் தடையில்லை. மூத்தவள் கீழ்ப்பிரிவில் ஆடலாகாது. பிரிவு மாறினால் ஆட்டமும் மாறுகிறது. பத்து வயதுப் பிரிவில் பந்தின் சுற்றளவு 11 அங்குலம், எறியும் தூரம் 35 அடி. பன்னிரண்டு வயதுப் பிரிவில் பந்து 12 அங்குலம், தூரம் 40 அடி. பதினான்கில் பந்து அதுவே, தூரம் 43 அடி. மூன்றடிதானே என்று தோன்றும். ஆனால் அம்மூன்றடிக்கு அப்பால் நிற்பவள் பதினான்கு வயதுப் பெண். இப்பால் மட்டையுடன் நிற்பவள் பதினொரு வயதுச் சிறுமி. அந்த வயதில் மூன்றாண்டு என்பது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை ஆறாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒரே நாளில் கையாண்ட ஆசிரியர் எவரும் அறிவர்.

பெயர்த்தியின் அணியில் பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் அவ்வாண்டு ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் வென்றிருந்தார்கள். விதிப்படி அனைவரும் இன்னோர் ஆண்டு அங்கேயே ஆடலாம். பயிற்சியாளரோ பதினான்குக்கு ஏற வேண்டும் என்றார். எளிய எதிரிகளை வென்று பழகினால் பிள்ளைகள் வளரமாட்டார்கள் என்பது அவர் கருத்து. பெற்றோரில் பாதிப்பேர் அதை ஏற்றனர். மற்றவர்களோ, விதி இடங்கொடுக்கும்போது வெற்றியை ஏன் கைவிட வேண்டும் என்று கேட்டனர்.

எனக்குப் பயிற்சியாளர் சொன்னதே சரியெனத் தோன்றியது. நம் ஆசாரியர்கள் வகுத்த ஐந்து ஆசாரங்களுள் ஐந்தாவது வீரியாசாரம். தன் ஆற்றலை ஒளித்து வைக்காமல் நல்லொழுக்கத்தில் செலுத்துவதே அதன் பொருள். நோன்பிருக்கும் வலிமை உள்ளவன், 'என்னால் இயலாது' என்று சொல்லி ஒதுங்குவது குறை. வலிய அணி ஒன்று, வெற்றி எளிதென்பதற்காகக் கீழ்ப்பிரிவிலேயே தங்குவதும் அத்தகைய ஒளிப்பு அன்றோ என்று நினைத்தேன். மறுவாரம் பதினான்கு வயது அணி ஒன்றுடன் சோதனையாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். எறிந்த பந்து முழங்காலில் பட்டு ஒரு சிறுமி விழுந்தாள். அதன்பின் மட்டை பிடித்த மூவர், பந்து வருமுன்னரே பின்வாங்கிக் கால் நகர்த்தியதைக் கண்டேன். அணியில் மிகச் சிறியவளைப் பயிற்சியாளர் மைதானத்தில் இறக்கவே இல்லை. அவள் நாள் முழுதும் பலகையில் அமர்ந்து, பிறருடைய தண்ணீர்க் குப்பிகளை வரிசையாக அடுக்குவதும் மீண்டும் கலைத்து அடுக்குவதுமாக இருந்தாள்.

அப்போதுதான் நான் பாதியை மட்டும் நினைவுகூர்ந்தேன் என்பது புலப்பட்டது. பதினாறு பாவனைகளை உமாஸ்வாமி ஆசாரியர் தத்வார்த்த சூத்திரத்தில் எண்ணுமிடத்தில், தியாகத்துக்கும் தவத்துக்கும் முன்னே 'சக்திக்கேற்ப' என்ற அடைமொழியை வைத்திருக்கிறார். தசலட்சண நாள்களில் பத்து நாளும் உபவாசம் இருப்பேன் என்று முன்வரும் சிறுமியிடம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? இவ்வாண்டு ஒரு நாள் ஏகபுக்தம் இரு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். அது அவளது ஆர்வத்தை அவமதிப்பது ஆகாது. சமந்தபத்திரர் அருளிய ரத்னகரண்டகமும், அதனையொட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தானுக்குப் பதினொரு நிலைகளைச் சொல்லும்போது, ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையின் மேல் நிற்கிறது. தாண்டிக் குதிக்க அங்கே இடமில்லை.

ஆற்றலை மறைத்தலும் ஆற்றலை மிஞ்சுதலும் ஒருவரைப் பற்றியதாயின் தீர்ப்பு எளிது. அணியில் பன்னிருவர், பன்னிரண்டு ஆற்றல்கள். ஒருத்திக்கு ஏற்ற நிலை மற்றொருத்திக்கு இம்சை. பெற்றோர் வாதிட்டபோது ஒவ்வொருவரும் தத்தம் மகளை மனத்தில் வைத்தே 'அணியின் நலம்' என்று பேசினர். நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட காரணம். 1978ஆம் ஆண்டு ஒரு நடுநிலைப்பள்ளியில் பணியாற்றினேன். பதினான்கு வயதுக்குட்பட்டோர் எறிபந்துப் போட்டிக்கு எங்கள் அணியை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு. அக்காலத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. தலைக்கு மேலாகக் கையை வளைத்து எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, தலைமையாசிரியர் ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். எங்கள் அணியில் சிறந்தவளுக்கு அவ்வாறு எழுதப்பட்ட தேதியே இருந்தது. அவளுடைய தம்பிக்கோ கிராமப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்த உண்மைத் தேதி. இரண்டையும் ஒப்பிட்டால், தம்பி பிறந்தது அக்காள் பிறந்து ஏழே மாதத்தில்! இருவருக்கும் இரண்டு முழு ஆண்டு வேறுபாடு என்று அவர்களுடைய தாயே என்னிடம் சொல்லியிருந்தாள். சேர்க்கைப் பதிவேட்டைப் பராமரித்தவள் நானே. அனைத்தும் அறிந்தே படிவத்தில் அத்தேதியை எழுதிக் கையொப்பமிட்டேன். பதிவேட்டில் உள்ளதைத்தானே எழுதினேன், எழுத்தளவில் பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் வென்றோம். இறுதி ஆட்டத்தில் எங்கள் பெண் எறிந்த பந்தைப் பிடிக்க முயன்ற எதிரணிச் சிறுமி ஒருத்தியின் விரல் பிசகியது. என் கைக்குட்டையைக் கிழித்து நானே கட்டுப் போட்டேன். அவள் என்னைப் பார்த்து நன்றி சொன்னாள்.

சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக்கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல், ஒன்று. அசௌரிய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று, அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல். வயதும் ஓர் அளவுகோலே என்பதும், அதைக் குறைத்துக் காட்டினால் எதிர்த்தரப்புப் பிள்ளையின் பங்கு களவு போகிறது என்பதும் அன்று எனக்குத் தோன்றவில்லை. 2001இல் அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் உலகப் போட்டியில் நியூயார்க் நகர பிராங்க்ஸ் அணிக்காகப் பந்தெறிந்து வியப்பூட்டிய சிறுவன், பன்னிரண்டு வயதினன் அல்லன், பதினான்கு வயதினன் என்பது வெளிப்பட்டது. அவன் பிறந்தது 1987இல். ஆவணம் காட்டியது 1989. அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன. அவன் பெயரை உலகமே எழுதியது. நான் எழுத விரும்பவில்லை, ஏனெனில் ஆவணம் செய்தவர்கள் பெரியவர்கள். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் டிராவிட், இளையோர் கிரிக்கெட்டில் வயதை மாற்றிக் காட்டும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மணிக்கட்டு எலும்பை ஊடுகதிர்ப் படம் எடுத்து வயது காணும் அளவுக்கு வந்துவிட்டோம். பதிவேட்டை எவரும் நம்பவில்லை.

நியூ ஜெர்சிப் பெற்றோர் எவரும் பொய்யாவணம் எழுதவில்லை. விதி அளித்த ஆண்டை எடுத்துக்கொள்வது களவு என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், 'படிவம் சரியாக உள்ளது' என்பதோடு மனச்சாட்சி அடங்கிவிடக் கூடாது என்பதை என்னைவிட அறிந்தவர் யார்? ஒரே வயதுப் பிரிவுக்குள்ளும் திறன் நோக்கி உயர்ந்த, தாழ்ந்த படிகள் உண்டென்பதை மகன்தான் எனக்கு விளக்கினான். வயதால் ஏறாமல் திறனால் ஏறலாமே என்று கேட்டேன். பாட்டி மைதானத்திலும் பாடம் நடத்துகிறாள் என்று அனைவரும் சிரித்தனர்.

ஆகஸ்டில் அணி கலைந்து கூடியபோது, உடலும் திறனும் மிக்க மூவர் வேறொரு பதினான்கு வயது அணிக்குச் சென்றனர். எஞ்சிய ஒன்பதின்மர், புதியவர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டிலேயே உயர்படிப் போட்டிகளில் ஆடத் தொடங்கினர். முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. பெற்றோரில் ஒருவர் தம் மகளை விலக்கிக்கொண்டார். சென்ற மூவரில் ஒருத்தி அங்கே பலகையில் அமர்ந்திருப்பதாகக் கேள்வி. குப்பி அடுக்கிய சிறுமி இப்போது வலப்புறக் கோடியில் நின்று பந்து பிடிக்கிறாளாம்; தவறவிடுவதும் உண்டாம்.

1978ஆம் ஆண்டுக் கதையைத் தொலைபேசியில் பெயர்த்தியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விரல் பிசகின அந்தப் பெண்ணின் பெயர் என்ன பாட்டி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் எழுதிய படிவத்தில் எங்கள் அணியின் பெயர்கள் மட்டுமே இருந்தன.