எந்தக் காலில் தைத்த முள்?

"முள்ளை முள்ளாலேதான் எடுக்கணும்." கம்பம் பள்ளத்தாக்கில் வரப்புத் தகராறானாலும் தேர்தல் பகையானாலும் யாராவது ஒருவர் இந்தப் பழமொழியை எடுத்துவிடுவார். அடித்தவனைத் திருப்பி அடி என்பதே அதற்குப் பொருளாகப் புழங்குகிறது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பிரச்சினை முற்றியபோது அந்தப் பொருள் தெருவுக்கு வந்தது. விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்துக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தேனி மாவட்டக் கூலிப் பெண்கள் அங்கே மறிக்கப்பட்டார்கள், மிரட்டப்பட்டார்கள். தோட்டத்திலேயே குடியிருந்த குடும்பங்கள் சட்டிபானையைப் போட்டுவிட்டு மலையிறங்கின. செய்தி பரவியதும் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கித் திரண்டார்கள். மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. கேரள வண்டிகள் மறிக்கப்பட்டன.

கோபத்தில் நியாயம் இருந்தது. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் நெல். அது போய்விடுமோ என்ற பயத்தோடு பெண்கள் மிரட்டப்பட்ட செய்தியும் சேரும்போது, பொறுமையாக இருங்கள் என்று தூரத்திலிருந்து சொல்வது எளிது.

ஆனால் முள் எடுப்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கருவேல முள்ளொன்றை ஒடித்து, தைத்த இடத்தில் எச்சில் தொட்டுவைத்து, சுற்றிலும் மெல்லக் கீறி நெம்பி எடுப்பார்கள். தைத்த காலில்தான் கீறுவார்கள். எடுத்ததும் இரண்டு முள்ளையும் யார் காலிலும் படாத வேலியோரம் வீசிவிடுவார்கள். அடுத்தவன் காலில் குத்திவிட்டு வந்து தன் வலி தீர்ந்தவர் யாருமில்லை.

கம்பத்தில் கடை வைத்துப் பிழைத்த மலையாளி, மலைமேல் எந்த ஜீப்பையும் மறிக்கவில்லை. மறித்தவனுக்கோ அந்தக் கடை உடைந்ததில் ஒரு கீறலும் இல்லை. இங்கே விழுந்த ஒவ்வொரு கல்லும் மேலே சிக்கியிருந்த கூலிப் பெண்ணுக்குத்தான் ஆபத்தைக் கூட்டியது. காய்கறி லாரிகள் நின்றபோது நட்டப்பட்டவர்களில் இந்த மாவட்டத்து விவசாயியும் உண்டு.

பழமொழி சொல்லும் முள் வேறிடத்தில் இருந்தது. நீர்மட்டத்தை 136 அடியில் நிறுத்த 2006-இல் கேரளம் ஒரு சட்டம் போட்டது; தமிழ்நாடு அதை உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் அணையின் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. உடைந்த கடைகள் அதில் ஓர் அங்குலத்தைக்கூட வாங்கித் தரவில்லை.